மருந்து யாருக்குக் கைகொடுக்கும்? நான்காம் நாள் சொல்லும்

1969ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லீரல் நோய் முற்றி, அதனால் சிறுநீரகமும் செயலிழந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியிருந்தார்கள். பழைய உடலில் நின்றுபோயிருந்த அதே சிறுநீரகங்கள் புதிய உடலில் வேலை செய்யத் தொடங்கின. முதன்முறை படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்து மறுபடியும் படித்தேன்.

பிழை இல்லை. இந்த நோயில் சிறுநீரகம் கெட்டுப்போவதில்லை, அதற்கு ரத்தம் போதாமல் போகிறது. ‘ஹெப்பட்டோரீனல் சிண்ட்ரோம்’ என்பது மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர்.

தொடக்கம் சிரோசிஸ். கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும் நிலை அது. (சிரோசிஸ் என்றதும் குடிப்பழக்கம்தான் காரணம் என்று முடிவுகட்டுவோர் நம்மில் அதிகம். ஹெப்படைட்டிஸ் பி கிருமியாலும் கொழுப்புக் கல்லீரலாலும்கூட அது வரும்.) இறுகிய கல்லீரல் வழியாக ரத்தம் எளிதில் செல்ல முடியாததால், குடல் பகுதி ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்குகிறது. அடுக்குமாடி வீட்டில் கீழ்மாடிக் குழாய்கள் எல்லாம் திறந்து கிடந்தால் மேல்மாடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப்போல மற்ற உறுப்புகளுக்கான ரத்த அழுத்தம் குறைகிறது. ரத்தம் பற்றாக்குறை என்று எண்ணும் உடல், பல ஹார்மோன்களைச் சுரந்து சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாய்களையும் இறுக்கிவிடுகிறது. சிறுநீரகம் பட்டினி கிடக்கிறது.

நிரந்தரத் தீர்வு கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். அதற்குத் தகுதி பெற்று, உறுப்பு கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும் மருந்துதான் டெர்லிப்பிரெசின். கீழ்மாடிக் குழாய்களை மூடும் வேலையை அது செய்கிறது. குடல் பகுதிக் குழாய்கள் சுருங்கி, தேங்கிய ரத்தம் சுற்றோட்டத்துக்குத் திரும்புகிறது. கூடவே ஆல்புமின் என்ற புரதத்தையும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

எல்லாருக்கும் இது பலிக்குமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 300 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021ல் வெளியான ‘கன்ஃபர்ம்’ ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் மீண்டது. போலி மருந்து பெற்றவர்களில் அது 17 விழுக்காடு. மருந்து பலிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் 90 நாள்களுக்குள் மூச்சுக் கோளாறால் இறந்தவர்கள் மருந்துப் பிரிவில் 11 விழுக்காடு, மற்றப் பிரிவில் 2 விழுக்காடு. உடலில் நீர் அதிகமாகி நுரையீரலில் சேர்ந்துவிடும் ஆபத்து இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே பலன் கிடைக்காத ஒருவருக்கு இந்த மருந்தைத் தொடர்வது, ‘கொடுத்துப் பார்ப்போமே’ என்று சொல்லிவிடக்கூடிய காரியம் அல்ல.

யாருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்ற கேள்வி எழுவது இங்கேதான். வியப்பு என்னவென்றால், இதற்கு உதவும் அளவுகள் பெரும்பாலும் எந்த மருத்துவமனையிலும் அன்றாடம் எடுக்கப்படுபவை. முதலாவது கிரியேட்டினின். சிகிச்சை தொடங்கும்போது அது எவ்வளவு கூடுதலோ, பலனுக்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு. டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்குப் பலன் கிட்டுவது அரிது என்று அமெரிக்காவில் 2022ல் அனுமதி பெற்ற இம்மருந்தின் குறிப்பே சொல்கிறது. நம் மருத்துவமனை அறிக்கைகளில் காணும் மைக்ரோமோல் கணக்கில் அது சுமார் 440. நீண்ட காலம் பட்டினி கிடந்த சிறுநீரகத்தின் திசுவே சேதமடையக்கூடும் என்பதால், காத்திருப்பதும் ஆபத்துதான்.

அடுத்தது பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி. 2010ல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், அது 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தவர்களில் 67 விழுக்காட்டினர் பலன் பெற்றனர். அதற்கு மேல் இருந்தவர்களில் 13 விழுக்காட்டினர்தான். ஆய்வில் பங்கேற்றவர்கள் 39 பேர் மட்டுமே என்பதையும் மறந்துவிடக்கூடாது. மூன்றாம் நாளுக்குள் சராசரி ரத்த அழுத்தம் 5 புள்ளியாவது ஏறியிருந்தால் நல்ல அறிகுறி என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனக்கு மிகவும் பிடித்த அளவு இதுதான். மருந்து தன் வேலையைச் செய்கிறதா என்பதை உடலே காட்டிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல நாடுகளில் கல்லீரல் மாற்றுக்கான காத்திருப்புப் பட்டியல், நோயின் கடுமையைக் காட்டும் ‘மெல்ட்’ மதிப்பெண்ணின்படி அமைகிறது. அந்தக் கணக்கில் கிரியேட்டினினும் சேரும். மருந்து பலித்துச் சிறுநீரகம் தேறினால் மதிப்பெண் குறைந்து, நோயாளி வரிசையில் பின்னுக்குப் போகலாம். கல்லீரலோ அதே நிலையில்தான் இருக்கும். இது நியாயமா என்று மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது. நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கணிப்பு எவ்வளவு நுட்பமானாலும் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. கட்டிலில் படுத்திருப்பவர் 67 பேரில் ஒருவரா, மீதி 33 பேரில் ஒருவரா என்பதை முதல் நாளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் மருந்துக் குறிப்பு நான்காம் நாளில் ஒரு சோதனை வைக்கிறது. கிரியேட்டினின் 30 விழுக்காடாவது இறங்கியிருந்தால் அதே அளவில் தொடரலாம். குறைவாக இறங்கியிருந்தால் மருந்தின் அளவைக் கூட்டலாம். தொடங்கிய அளவிலேயே நின்றாலோ அதற்கு மேல் போயிருந்தாலோ நிறுத்திவிட வேண்டும். அந்த நாளில் மருத்துவர் குடும்பத்தினரை ஓர் அறைக்கு அழைத்து உட்காரவைத்து, அடுத்தது டயாலிசிஸா, மாற்று அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா, வலியில்லாமல் பார்த்துக்கொள்வதா என்று பேசத் தொடங்குவார்.