இத்தாலிய 'செட் லஞ்ச்': கோழி ஹலாலா என்று கேட்டால் மட்டும் போதுமா?

கொழும்பில் தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். புதிய முகாமையாளர் பொறுப்பேற்கிறார், அல்லது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரையும் உயர்தர இத்தாலிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். முன்னுணவு, பிரதான உணவு, இனிப்பு என மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. அதுதான் செட் லஞ்ச். நம்மவர் மெனுவைப் பார்த்துவிட்டு "சிக்கன் ஹலாலா?" என்று கேட்கிறார். "ஹலால்தான் சேர்" என்று பதில் வருகிறது. விசாரணை அத்தோடு முடிந்துவிடும். அதிலும் திருப்தி இல்லாதவர் காளான் ரிசோட்டோவை எடுத்துக்கொண்டு நிம்மதியாக பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்குவார்.

நானும் நான்கைந்து வருடங்கள் அந்த ரிசோட்டோக்காரனாகத்தான் இருந்தேன். அப்படியான ஒரு சமையலறையில் வேலை செய்த நம் ஊர்த் தம்பி ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. ரிசோட்டோ செய்யும்போது அரிசியை வெண்ணெயிலும் வெங்காயத்திலும் வறுத்த பின் முதலில் ஊற்றுவது தண்ணீரை அல்ல, வெள்ளை வைனை. அது வற்றிய பிறகுதான் இறைச்சி அல்லது மரக்கறி அவித்த சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். இது மெனுவில் இருக்காது. யாரும் நம்மை ஏமாற்றுவதற்காக அதை மறைக்கவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டதை நாம் எழுதி வைப்பதில்லை அல்லவா, அவர்களுக்கு வைனும் அப்படித்தான்.

"சூட்டில் ஆவியாகிப் போய்விடும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணை ஒன்று வேறு கதை சொல்கிறது. மதுவைச் சேர்த்து 15 நிமிடம் கொதிக்க வைத்தால் அதன் அல்ககோலில் சுமார் 40 சதவீதம் எஞ்சியிருக்கும். இரண்டரை மணித்தியாலம் கொதித்தாலும் 5 சதவீதம் மிஞ்சும். ரிசோட்டோ வேக இருபது நிமிடமளவில்தான் எடுக்கும். அது முழுவதும் ஆவியாகிவிட்டாலும், மதுவை ஊற்றிச் சமைப்பது நமக்கு ஆகுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மாட்டிறைச்சி பொலொனேஸ் என்றால் மாடுதானே என்று நினைப்போம். பொலொஞா நகர வர்த்தக சம்மேளனத்தில் 1982 இல் பதிவு செய்யப்பட்ட செய்முறையில் மாட்டிறைச்சியோடு பன்றியின் வயிற்றுப் பகுதியான பன்செத்தாவும் வைனும் இருக்கின்றன. கார்பொனாராவில் போடும் குவான்சாலே பன்றியின் கன்னப் பகுதி. தொர்தெல்லினியின் உள்ளே வைப்பதும் வழமையாகப் பன்றி இறைச்சிதான். இங்கே சில உணவகங்கள் இவற்றை மாட்டிறைச்சியாலோ கோழியாலோ மாற்றிச் செய்கின்றன. ஆனால் மெனுவில் உள்ள பெயரை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பாற்கட்டி விஷயம் இன்னும் நுணுக்கமானது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவைப் பால், உப்பு, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் ஆகிய மூன்றால் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அதன் சட்ட விதி. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரெனட். முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரெனட் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனபி மத்ஹபில் அதற்கு இடமிருக்கிறது, நாம் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இறுக்கம் அதிகம். தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். மஸ்கார்போனே பாலாடையை அமிலத்தால் திரளச் செய்வது என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

இனிப்பில் பன்னகோட்டாவை உறைய வைப்பது ஜெலட்டின். அது மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். திராமிசுவின் கதை சுவாரசியமானது. திரெவிசோ நகரத்து மூலச் செய்முறையில் மது கிடையாது, கோப்பியும் மஸ்கார்போனேயும்தான். மர்சாலா வைனும் ரம்மும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே மது இல்லாமல் செய்து தரச் சொன்னால் எந்தச் சமையற்காரரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

செட் லஞ்சில் மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்? அதன் விலை குறைவாக இருப்பதற்கான காரணமே இதற்கும் காரணம். கட்டட வாடகையும் ஊழியர் சம்பளமும் இரவு வியாபாரத்துக்காக எப்படியும் கொடுக்க வேண்டியவை. பகலில் காலியாக இருக்கும் மேசைகளை நிரப்ப, ஓரிரு தெரிவுகளை மட்டும் வைத்து, சோஸ், சாறு, இனிப்பு எல்லாவற்றையும் காலையிலேயே மொத்தமாகச் செய்து வைக்கிறார்கள். உணவு வீணாவதும் குறைகிறது. ஆனால் ஒரு மணிக்கு மேசையில் அமர்ந்துகொண்டு "வைன் இல்லாமல்" என்று கேட்டால், சட்டியில் உள்ளதை யாரால் பிரித்தெடுக்க முடியும்?

(விலையின் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளையும் கவனியுங்கள். 4,500 ரூபா என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம், 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரி, 18 சதவீத வற் எல்லாம் சேர்ந்து பில் ஏறக்குறைய 6,000 ரூபா வரும். கம்பனி கட்டினால் தெரியாது. குடும்பத்தோடு போனால் தெரியும்.)

எனவே முதல் நாளே தொலைபேசியில் பேசுங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணியளவில் எடுத்தால் சமையலறையில் நிதானமாகப் பதில் சொல்ல ஆள் இருக்கும். "ஹலாலா?" என்று பொதுவாகக் கேட்டால் இறைச்சி வாங்கிய இடத்தின் சான்றிதழைத்தான் சொல்வார்கள். அந்தச் சான்றிதழ் கோழிக்குரியது, கோழி மேல் ஊற்றிய சோஸுக்குரியதல்ல. வைன் சேர்க்கிறீர்களா, சாறு எதில் செய்தது, ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது, பன்றி பொரித்த சட்டியும் எண்ணெயும் வேறா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எதற்கும் தெளிவான பதில் இல்லையென்றால் ஆல்யோ ஒல்யோ இருக்கிறது. பூண்டு, ஒலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய் போட்ட வெறும் ஸ்பெகட்டி. மேலே பாற்கட்டி தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

கடந்த முறை அலுவலகத்தில் போனபோது நான் அதைத்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள நண்பர் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். ரெனட் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் அவரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு வந்ததையே தனக்கும் ஒன்று தரச் சொன்னார்.