கண்ணுக்குத் தென்படாத கோப்புறைகள்

கணிப்பொறியில் ஒரு கோப்புறையைத் திறந்தவுடன் திரையில் தோன்றும் பெயர் வரிசையே அதன் முழு உள்ளடக்கம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். விண்டோஸ் இயங்கும் பொறியில் ‘சி’ என்னும் வட்டைத் திறந்தால் சில கோப்புறைகளே தென்படும். ஆயின் அதே இடத்தில், நீக்கப்பட்ட கோப்புகள் தங்கியிருக்கும் ‘ரீசைக்கிள் பின்’, பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ‘புரோகிராம்டேட்டா’, பொறியைப் பழைய நிலைக்கு மீட்பதற்கான பதிவுகள் அடங்கிய ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ முதலிய கோப்புறைகளும், மிகப் பெரிய அளவுள்ள சில தனிக் கோப்புகளும் உள்ளன. இவை மற்றவற்றோடு ஒரே பதிவேட்டில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பட்டியலிடும் நிரல் இவற்றின் பெயரையும் வாசிக்கிறது. வாசித்துவிட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை அறிய, பென் டிரைவ்களில் இன்றும் கையாளப்படும் ‘ஃபேட்’ முறையை எடுத்துக்கொள்வது எளிது. இம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் 32 பைட் நீளமுள்ள அடிப்படைக் குறிப்பு ஒன்று உண்டு. அதன் முதல் 11 பைட்டுகளில் பெயர் இருக்கும். அதையடுத்த பைட்டே இங்குக் கவனிக்கத்தக்கது. பொருளின் தன்மையைக் கூறும் அடையாளங்கள் அதில் அடங்கியுள்ளன. படிக்க மட்டுமே உரியது என்பதற்கு 1, மறைவானது என்பதற்கு 2, இயக்க அமைப்புக்கு உரியது என்பதற்கு 4, கோப்புறை என்பதற்கு 16 என எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் கோப்புறை ஒன்றின் எண் 16 ஆகும். அதனோடு 2ஐயும் 4ஐயும் கூட்டி 22 என்று எழுதினால், அக்கோப்புறை மறைந்த அமைப்புக் கோப்புறையாகிவிடும். உள்ளே ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் அவற்றில் ஒன்றும் தொடப்படுவதில்லை. வாயிற்பெயர் பட்டியலில் விடுபடுவதால் உட்செல்லும் வழி மட்டுமே தெரியாமற் போகிறது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரின் ‘டாஸ்’ அமைப்பு, தன் ஆதாரக் கோப்புகள் இரண்டை இம்முறையில் மறைத்து வைத்திருந்தது. அறியாமல் ஒருவர் அவற்றை அழித்துவிட்டால், அந்தத் தட்டைக்கொண்டு பொறியை இயக்கத் தொடங்க இயலாது. 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த புதிய கோப்பு முறையும் இதே அடையாளங்களை ஏற்றுக்கொண்டது.

யூனிக்ஸில் மறைத்தல் பிறந்த விதம் சற்று வேடிக்கையானது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் அவ்வமைப்பு உருவாகிவந்த ஆரம்ப காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் அதனையே சுட்டுவதற்கு ஒரு புள்ளியும், அதற்கு மேலுள்ளதைச் சுட்டுவதற்கு இரு புள்ளிகளும் பெயர்களாக இடப்பட்டன. பட்டியல் கேட்கும்போதெல்லாம் இவ்விரண்டும் வந்து நின்றமையின், அவற்றைத் தவிர்க்கப் பட்டியல் நிரலில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. பெயர் முழுவதையும் ஒப்பிட்டுப் பாராமல், முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது அச்சோதனை. விளைவு, புள்ளியில் தொடங்கும் எப்பெயரும் பட்டியலில் வராதொழிந்தது. நிரல் எழுதுவோர் இதைக் கண்டுகொண்டு, தம் அமைவுக் குறிப்புகளை அத்தகைய பெயர்களில் வைக்கலாயினர். அக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் என்னும் அறிஞர் 2012இல் இவ்வரலாற்றை எழுதி, குறுக்குவழியால் விளைந்த பிழையே வழக்கமாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். லினக்ஸிலும் மேக் கணிப்பொறிகளிலும் அவ்வழக்கம் இன்றளவும் உள்ளது.

ஆக, மறைத்தல் என்பது பட்டியலிடுவோனுக்கு இடப்படும் ஒரு சைகையேயாகும். அதற்கு அவன் கட்டுப்படலாம், கட்டுப்படாமலும் இருக்கலாம். விண்டோஸில் வெறுமையாகத் தோன்றும் பென் டிரைவ் ஒன்றை லினக்ஸ் பொறியில் செருகினால், மறைந்திருந்த கோப்புறைகள் யாவும் இயல்பாகவே தோன்றுவதைக் காணலாம். அங்குள்ள நிரல்கள் பொதுவாகப் புள்ளியைப் பார்க்கின்றனவேயன்றி, 2 என்ற அடையாளத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இச்சிறு அடையாளத்தைத் தீயோர் பயன்படுத்திக்கொண்டதில் வியப்பில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ என்னும் தீநிரல், படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அவற்றை அழித்தது. ‘எம்.பி.3’ இசைக் கோப்புகளையோ அது அழிக்கவில்லை. அவற்றின் அடையாள எண்ணோடு 2ஐக் கூட்டி மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் தன் பிரதிகளை வைத்தது. இசை போய்விட்டதென்று எண்ணியவர்களின் வட்டிலேயே அது பழுதின்றி இருந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ ஒரு படி மேலே சென்றது. பென் டிரைவில் நீக்கப்பட்ட கோப்புகளின் தொட்டியைப் போன்ற பெயருடைய மறைவிடத்தில் தங்கிக்கொண்டதோடு, மறைந்தவற்றைக் காட்டும் வசதியே பலிக்காதவாறு விண்டோஸின் பதிவுகளையும் அது மாற்றிவிட்டது.

பின்னர் வந்த பல தீநிரல்கள் பென் டிரைவிலுள்ள கோப்புறைகளை மறைத்து, அதே பெயர்களில் குறுக்குவழிக் குறிகளை வைத்தன. மாணவர்கள் அச்சுப் பிரதி எடுக்கும் கடைகளிலும், பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறி நிலையங்களிலும் இத்தொல்லை மிகுதி. குறியைச் சொடுக்கினால் தீநிரல் இயங்கும். கூடவே மெய்யான கோப்புறையும் திறக்கும். ஆதலின் ஐயமே எழாது. தொற்றுநீக்கும் நிரல் குறிகளை மட்டும் அகற்றி, மறைவை நீக்காது விடுமானால் நிலைமை இன்னும் மோசமாகும். பென் டிரைவ் வெறுமையாகத் தோன்றும். பல ஆண்டு உழைப்பில் எழுதிய ஆய்வேட்டை இழந்ததாகக் கருதும் மாணவர், கருவி பழுதென்று எண்ணி அதை ‘ஃபார்மட்’ செய்துவிடுவார். அதுவரை இருந்த பொருள் அப்போதுதான் உண்மையில் இழக்கப்படுகிறது.

அவ்வாறு செய்யுமுன், வட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில், நிரம்பிய இடத்தின் அளவைப் பார்த்தல் வேண்டும். பட்டியல் வெறுமையாயிருந்தும் இடம் நிரம்பியிருக்குமாயின், பொருள் உள்ளேயே இருக்கக்கூடும். முதலில் தீநிரல் நீக்கியைக் கொண்டு சோதித்த பின்னர், விண்டோஸ் 11இல் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் மறைந்தவை மங்கலாகத் தோன்றும். எண் 22 பெற்றவை அப்போதும் தோன்றா. அவற்றுக்கு ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், பாதுகாக்கப்பட்ட இயக்க அமைப்புக் கோப்புகளை மறைக்கும் கட்டத்திலுள்ள குறியை எடுக்க வேண்டும். அடையாளத்தையே நீக்குவதற்கு ‘அட்ரிப்’ என்னும் பழைய கட்டளை உதவும். அதில் ‘எச்’, ‘எஸ்’ ஆகிய இரண்டு எழுத்துகளையும் கழித்தற்குறியோடு சேர்த்தே தரவேண்டும்; முன்னதை மட்டும் தந்தால், அமைப்புக்கு உரிய கோப்பென்று கூறிக் கணிப்பொறி மறுத்துவிடும். மேக் பொறியிலோ ‘கமாண்ட்’, ‘ஷிஃப்ட்’, புள்ளி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

மறைத்துவிட்டால் பிறர் காணமாட்டார் என்று நம்பி, சொந்தக் கடிதங்களையும் கணக்குகளையும் இவ்வாறு வைப்பவர் உளர். பூட்டாத அறையின் பெயர்ப்பலகையைக் கழற்றுவது பாதுகாப்பாகாது. பூட்டு என்பது வேறு. ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ கோப்புறையைப் பொறியின் உள்வட்டில் கண்டுபிடித்த பிறகும், நிர்வாகியால்கூட அதைச் சாதாரணமாகத் திறக்க முடியாது. அதற்குரிய அனுமதி இயக்க அமைப்புக்கு மட்டுமே அளிக்கப்பட்டுள்ளது. அங்கே மறைவும் பூட்டும் தனித்தனியே அமைந்துள்ளன. சொந்தக் கோப்புகளைக் காக்க விரும்புவோர் மறைகுறியாக்கத்தையே நாடவேண்டும்.

எல்லா மறைவுக் கோப்புறைகளும் அமைப்புக்கே உரியன என்று ஒதுக்குவதும் சரியன்று. ஒவ்வொரு பயனாளரின் பெயரிலும் ‘ஆப்டேட்டா’ என ஒன்று உண்டு. ‘குரோம்’ உலாவியின் பக்கக் குறிகளும், ‘தண்டர்பேர்டு’ நிரலில் சேர்ந்த அஞ்சல்களும் அதனுள்ளேதான் இருக்கின்றன. புதிய பொறிக்கு மாறுபவர், தம் பழைய பொறியில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் பிரதி எடுத்துவிட்டு வட்டைத் துடைத்தாரானால், ஆண்டுக்கணக்கான அஞ்சல்கள் போய்விடும். பட்டியலில் யாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டளை, காட்டப்படாதவற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பலர் அறியாதது.

இடப் பற்றாக்குறையின்போது இவற்றில் கைவைக்க விரும்புவோர், பொறி உறங்கும்போது நினைவகத்தைச் சேமிக்கும் ‘ஹைபர்ஃபில்’ கோப்பையும், நினைவகத்தின் துணையாக நிற்கும் ‘பேஜ்ஃபைல்’ கோப்பையும் கண்டு மலைப்பதுண்டு. இவற்றை நேரே அழிக்க முயல்வதைவிட, தேவையற்றதாயின் அந்த வசதியையே அமைப்பின் வழியாக நிறுத்துவது முறை. கோப்பு தானே அகலும். ‘புரோகிராம்டேட்டா’வில் அறியாத பெயருடைய எதனையும் நீக்காதிருத்தல் நலம். பென் டிரைவில் காணப்படும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ மட்டும் இதற்கு விலக்கு. அதில் இருப்பவை பெரும்பாலும் ஓரிரு சிறு கோப்புகளே, நீக்கினால் தீங்கில்லை. ஆனால் அடுத்து விண்டோஸ் பொறியில் செருகும்போது அது மீண்டும் வந்துவிடும்.