எழுதும் கருவிகள் – 14: குறிப்பு மரத்தின் இடமாற்றம்

இணையத்தில் இயங்கும் அவுட்லைனர் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றைத் தங்கள் கணினியிலேயே வைத்து ஆளக்கூடிய மென்பொருளைத் தேடத் தொடங்கும்போது, வசதிகளின் பட்டியலை ஒப்பிடுவதிலேயே பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குறிப்புகள் எந்த வடிவில், யாருடைய வட்டில் சேமிக்கப்படுகின்றன, அந்த மென்பொருள் நின்றுபோன பிறகும் அவற்றைத் திறந்து படிக்க முடியுமா? சென்ற பகுதியில் சொற்செயலிகளின் கோப்பு வடிவங்களைப் பார்த்ததன் தொடர்ச்சியாக, இப்பகுதி அவுட்லைனர்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் பலர் அறிந்த வொர்க்ஃபிளோவி இங்கே மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

அவுட்லைனர் என்பது எழுத்தைப் படிநிலையாக அடுக்கும் மென்பொருள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கணு. ஒரு கணுவின் கீழ் எத்தனை கணுக்களையும் சேர்க்கலாம், வேண்டாதபோது ஒரு கிளை முழுவதையும் மடித்து ஒரே வரியாக்கிவிடலாம், ஒரு வரியை இடம் மாற்றினால் அதன் கீழுள்ள அனைத்தும் உடன் நகரும். தொல்காப்பியத்துக்கு ஆய்வுக்குறிப்பு எழுதும் ஒருவர் 3 அதிகாரங்களை முதல் நிலையிலும், அதிகாரத்துக்கு 9 ஆக 27 இயல்களை இரண்டாம் நிலையிலும், நூற்பாக்களை மூன்றாம் நிலையிலும் வைத்து, நூற்பாவின் கீழ் உரையாசிரியர்களின் வேறுபாடுகளை எழுதிச் செல்வாரானால், அவருக்குத் தேவைப்படுவது இந்த வகை மென்பொருள்தான். அவர் வேற்றுமையியலில் ஆழ்ந்திருக்கும்போது மற்ற 26 இயல்களும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஒரு கணுவை மட்டும் திரை முழுவதும் விரித்து, அதையே தற்காலிகமாக மரத்தின் வேராக ஆக்கிக்கொள்ளும் இச்செயல் 1980களின் அவுட்லைனர்களிலேயே ஹாய்ஸ்ட் என்ற பெயரில் இருந்தது. வொர்க்ஃபிளோவியில் அதற்கு ஜூம் என்று பெயர். மாற்று மென்பொருள் எதுவாயினும் இந்த ஒரு செயல் அதில் இல்லையென்றால், பழகிய எழுத்தாளர் சில நாட்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்.

இவ்வகை மென்பொருள் இணையத்தில் பிறந்ததன்று. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் தமது என்எல்எஸ் அமைப்பைச் சுமார் 90 நிமிடம் இயக்கிக் காட்டியபோது, கடையில் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் ஒன்றை வகைவகையாகப் பிரித்து, கிளைகளை மடித்தும் விரித்தும் காட்டினார். டேவ் வைனரின் லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் 1983இல் திங்க்டேங்க் என்ற அவுட்லைனரையும், 1986இல் மேக்கின்டாஷுக்காக மோர் என்ற அவுட்லைனரையும் வெளியிட்டதோடு அக்கருத்து தனிநபர் கணினிக்கு வந்து சேர்ந்தது. 2010இல் தொடங்கிய வொர்க்ஃபிளோவி, உலாவி இருக்கும் எந்தக் கணினியிலும் அதே மரம் திறக்கும்படி செய்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் வெவ்வேறு கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு அது பெரிய விடுதலை என்பதை மறுக்க இடமில்லை.

ஆனால் அந்த விடுதலைக்கு ஈடாக, மரத்தின் மூலப்படி நிறுவனத்தின் சர்வருக்குச் சென்றுவிடுகிறது. கணினிக்கென்று தரப்படும் பதிப்பை நிறுவிக்கொண்டால் இந்நிலை மாறிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அப்பதிப்பு எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது; 2013இல் கிட்ஹப் நிறுவனம் தனது ஆட்டம் என்ற உரைத்திருத்திக்காக உருவாக்கிய இந்த அடித்தளம், குரோம் உலாவிக்கு மூலமான குரோமியத்தை உள்ளடக்கி, இணையப் பக்கம் ஒன்றைத் தனி மென்பொருள்போல ஓடவைக்கிறது. இணைப்பு இல்லாதபோதும் அதில் எழுதலாம், இணைப்பு கிடைத்ததும் சர்வரோடு ஒத்திசைந்துகொள்ளும் என்பது உண்மையே. எனினும் வட்டில் இருப்பது அந்த மென்பொருள் மட்டுமே படிக்கும் இடைக்காலப் படி, பயனர் தாமே திறந்து படிக்கக்கூடிய கோப்பு அன்று. ஆகவே, கணினியில் தனிச் சின்னத்தோடு திறக்கும் ஒன்றையெல்லாம் கணினி மென்பொருள் என்று ஏற்றுக்கொள்வது இந்தத் தேடலில் நேரும் முதல் தவறு.

கணினியில் வைத்துக்கொண்டால் மட்டும் போதும் என்பதும் சரியாகாது என்பதற்கு இரண்டு பழைய மென்பொருள்களின் கதி சான்றாகிறது. விண்டோஸுக்காக 1993இல் வெளிவந்த ஈக்கோ புரோ என்ற அவுட்லைனரின் வளர்ச்சி 1997இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் நிரல் பயனர்களின் வட்டிலேயே இருந்ததால், அவர்களில் பலர் அதன்பின்னும் பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினர். மோர் என்பதற்கோ வேறு முடிவு நேர்ந்தது. பழைய மேக் நிரல்களை ஓடவைத்த கிளாசிக் என்ற துணைச்சூழலை இன்டெல் சில்லுகளுக்கு மாறிய புதிய மேக் கணினிகள் ஏற்கவில்லை, 2007இல் வெளிவந்த இயங்குதளத்திலிருந்து அது முழுவதுமாகவே நீங்கியது. மோரின் கோப்புகளை வேற்று வடிவுக்கு மாற்றி வைத்திராதவர்களின் குறிப்புகள் அதன்பின் வட்டில் இருந்தும் படிக்க முடியாதவையாயின. நிரல் சொந்த வட்டில் இருப்பது ஒரு காப்பு என்றால், எந்த நிரலும் படிக்கக்கூடிய திறந்த வடிவில் எழுத்து இருப்பது மற்றொரு காப்பு. இரண்டும் சேர்ந்தே தேடப்பட வேண்டும்.

அந்தத் திறந்த வடிவத்தையும் வைனரே 2000இல் தந்தார். ஓபிஎம்எல் எனப்படும் அது எக்ஸ்எம்எல் குறிமொழியில் அமைந்த எளிய உரைக் கோப்பு. ஒவ்வொரு கணுவும் அதில் ஓர் அவுட்லைன் உறுப்பு, கணுவின் எழுத்து அவ்வுறுப்பின் டெக்ஸ்ட் என்ற பண்பு, கீழ்க்கணுக்கள் அதன் உள்ளே அடங்கும் உறுப்புகள். 2013இல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது வாசகர்கள் தங்கள் செய்தியோடைப் பட்டியலை வேறு மென்பொருளுக்கு எடுத்துச் சென்றதும் இதே வடிவில்தான். வொர்க்ஃபிளோவியும் தன் மரத்தை ஓபிஎம்எல்லாக ஏற்றுமதி செய்ய இடம் தருகிறது, அது பாராட்டத்தக்கது. ஆயினும் ஏற்றுமதியான கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் ஒருமுறை திறந்து பார்க்காமல் இடமாற்றத்தில் இறங்கக் கூடாது. கணுவின் அடியில் எழுதும் நீண்ட குறிப்பும், முடிந்தது என்று அடிக்கும் கோடும் ஓபிஎம்எல் தரத்தில் சொல்லப்படாதவை என்பதால், அவை வொர்க்ஃபிளோவி தானாகச் சேர்க்கும் தனிப் பண்புகளாக அமைகின்றன. பெறும் மென்பொருள் அப்பண்புகளை அறியாவிட்டால், மரத்தின் எலும்புக்கூடு வந்துசேரும், சதையாகிய குறிப்புகள் ஓசையின்றி விடுபடும். ஒரு கணுவிலிருந்து மற்றொரு கணுவுக்குக் கொடுத்த இணைப்புகள் இணைய முகவரிகளாகவே எஞ்சி, புதிய இடத்திலிருந்து சொடுக்கினாலும் பழைய தளத்தையே திறக்கும். ஒரே கணுவை இரண்டு கிளைகளில் காட்டும் மிரர் என்ற வசதிக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனெனில் ஒரு கோப்புக்குள் ஒரே கணு இரண்டு இடங்களில் வாழ்வதைக் குறிக்க ஓபிஎம்எல்லில் வழியில்லை. இவ்வசதி இன்றி இயங்க முடியாதவர்கள், பைத்தான் மொழியில் எட்வர்ட் ரீம் எழுதிய லியோ என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். அது குளோன் என்ற பெயரில் இதை நெடுங்காலமாகவே செய்துவருகிறது.

பரிந்துரைக்கப்படும் மாற்றுகளுள் பல அவுட்லைனர்களே அல்ல. செர்ரிட்ரீ போன்றவற்றில் இடப்பக்கம் தலைப்புகளின் மரமும் வலப்பக்கம் தேர்ந்தெடுத்த தலைப்புக்குரிய பக்கமும் தோன்றும். மரத்தில் இருப்பவை பெயர்கள், எழுத்து இருப்பது பக்கத்துக்குள். எழுதும் வரியே கணுவாக இருப்பதும், சிந்தனை நகரும்போது வரியும் நகர்வதுமாகிய ஒற்றைப்பலக முறைக்குப் பழகியவருக்கு இந்த இரட்டைப்பலக முறை எத்தனை வசதிகளோடு வந்தாலும் ஈடாகாது. ஒற்றைப்பலக முறையில் ஆம்னி அவுட்லைனர் நேர்த்தியானது, ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும் உரியது.

எல்லாவற்றையும் எடைபோட்டால், இமாக்ஸ் உரைத்திருத்திக்குள் இயங்கும் ஆர்க் மோடுக்கே முதலிடம் தர வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தம் சொந்தக் குறிப்புகளுக்காகத் தொடங்கிய இது, 2007 முதல் இமாக்ஸோடு சேர்ந்தே வருகிறது. இதில் மரம் முழுவதும் வெற்று உரை: வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறி இருந்தால் முதல் நிலை, இரண்டு இருந்தால் இரண்டாம் நிலை. டேப் விசை கிளையை மடிக்கும், ஆல்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தினால் கிளை நகரும், கண்ட்ரோல்-எக்ஸ், என், எஸ் என்ற விசைத்தொடர் ஒரு கிளையை மட்டும் திரையில் நிறுத்தும். அதுவே ஜூமுக்கு நிகர். பாண்டாக் என்ற இலவச மாற்றி ஓபிஎம்எல் கோப்பை ஆர்க் வடிவுக்குக் கொண்டுவருவதோடு, மேலே சொன்ன நீண்ட குறிப்புகளையும் இனங்கண்டு உரிய கணுவின் கீழ் வைக்கிறது. இமாக்ஸின் விசைத்தொடர்களைக் கற்க வாரக்கணக்கில் பொறுமை வேண்டும் என்பதும், தமிழெழுத்துகளின் அகலம் ஒரே அளவினதன்று என்பதால் அதன் அட்டவணைகளில் தமிழ்ச் சொற்கள் கோடு மீறி நிற்கும் என்பதும் மெய்யான குறைகள். அந்த உழைப்புக்கு மனமில்லாதவர்கள் லாக்சீக்கை நாடலாம். வரிதோறும் கணு, சொடுக்கினால் ஜூம் என்று வொர்க்ஃபிளோவிக்கு நெருங்கிய பழக்கம் அதில் உண்டு. ஆனால் அதில் உரைக் கோப்புகளாகச் சேமிக்கும் வடிவமும், தரவுத்தளத்தில் சேமிக்கும் பிந்தைய வடிவமும் இருப்பதால், முன்னதைத் தேர்ந்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கத்துக்குப் பொருந்தும்.

வெற்று உரையின் அருமையைத் தமிழில் எழுதுவோருக்கு விளக்க வேண்டியதில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறப்பதைக் கண்டவர்கள் பலர். யூனிகோடில் எழுதிய ஆர்க் கோப்பு எழுத்துருவையோ நிரலையோ நம்பி நிற்பதில்லை, இமாக்ஸே இல்லாத கணினியிலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

ஒத்திசைவு மட்டும் பயனரின் பொறுப்பாகிவிடுகிறது. சின்க்திங் போன்ற மென்பொருள் சர்வர் இடையீடின்றி இரண்டு கணினிகளின் கோப்புறைகளை ஒன்றாக வைத்திருக்கும். ஆனால் இரண்டிலும் ஒரே கோப்பை ஒரே சமயத்தில் திருத்தினால் முரண்படி என்று மற்றொரு கோப்பு உருவாகும், அதை மனிதரே ஒப்பிட்டு இணைக்க வேண்டும். தனியாக எழுதுபவர் மரத்தைக் கிளைவாரியாகப் பல கோப்புகளாகப் பிரித்து வைத்தால் இது அரிதாகவே நேரும். மூவர் ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருந்தால், அந்த மரத்தை மட்டும் இணையத்திலேயே விட்டுவைத்து, மாதந்தோறும் அதன் ஓபிஎம்எல் படியொன்றை இறக்கிச் சேமித்துக்கொள்வதே இன்றைய நிலையில் நடைமுறைக்கு உகந்தது.