சமய பாடமா, மெய்யியலா?

ஜேர்மனியில் இடைநிலைக் கல்வி கற்கும் எம் பிள்ளைகள், எச்சமய பாடத்தைப் பயில்வது என வினவும் படிவத்தை வீட்டிற்குக் கொண்டுவருவதுண்டு. மொழி விளங்காமையால் பெற்றோர் சிலர் வாசியாமலே கையொப்பமிட்டு விடுகின்றனர். அது சிறிய விடயமன்று.

பிள்ளை சமய பாடத்திற் பங்குபற்றுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், 7ஆம் உறுப்புரையில், பெற்றோருக்கே வழங்குகிறது. ஆனால் அவ்வுரிமை நெடுங்காலம் நீடிப்பதன்று. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 வயது நிறைந்த பிள்ளை தன் சமயத்தைத் தானே தெரிவு செய்யலாம்.

எம்மவர் பலர் வாழும் நோர்த்றைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில், சமய பாடம் பயிலாத மாணவருக்கு 'நடைமுறை மெய்யியல்' என்னும் பாடம் உண்டு. நற்செயல் யாது, நீதி யாது, வாழ்வின் பொருள் யாது என்பவற்றை எச்சமயத்தையும் சாராது அது ஆராய்கிறது. பல சமயங்களின் கருத்துகளையும் அறிமுகஞ் செய்கிறது.

ஹம் நகரிற் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் எழுந்தது. அங்கு தேர் இழுக்கும் பிள்ளை, வகுப்பறையிலே 'ஏன்' என்று கேட்கப் பழகுகிறது. வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்கும்போது, "சாமி கோபிக்கும்" என வாயடைத்தல் விடையாகாது. பதினான்கு வயதுக்கு முன்னரே பிள்ளையுடன் அமர்ந்து பேசுவோம். படிவத்தையும் சேர்ந்தே வாசிப்போம்.