தாதி கற்பிக்கும் நிதானம்

கல்லணையின் மேல் நின்று புது வெள்ளம் வருவதைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். மேட்டூரிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் அங்கே நாலு வழியாகப் பிரிகிறது. காவிரிக்கு ஒரு பங்கு. வெண்ணாற்றுக்கு ஒரு பங்கு. கல்லணைக் கால்வாய்க்கு ஒரு பங்கு. மிஞ்சி வருவது கொள்ளிடத்துக்கு. மதகுக் கதவைத் தூக்குகிறவர் அவசரப்பட்டால் கரை உடையும். பயந்து தாமதித்தால் கடைமடையில் நாற்றுக் காயும். வெள்ளத்தை எதிர்த்துக் கூச்சல் போடுவதால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அதைப் பார்த்து, அளந்து, விடவேண்டிய வழியில் விடத் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும்.

மனத்தில் பெருகும் வெள்ளத்துக்கும் இப்படி ஒரு மதகு உண்டு. அதை இயக்கும் வித்தையை மற்றெல்லாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் யார் என்று கேட்டால், சந்நியாசிகள் என்று சொல்லத் தோன்றும். நான் சொல்வது வேறு ஒரு கூட்டத்தார்: மனோவியாதி வார்டுகளில் வருஷக்கணக்கில் தலைமை வகித்த நர்ஸுகள்.

மேல்நாடுகளில் இத்தகைய தலைமை நர்ஸுகள் சிலர், ஆஸ்பத்திரி உத்தியோகத்தை விட்டு, ஒரு புதிய தொழிலை மேற்கொள்கிறார்கள். கம்பெனி நிர்வாகிகள், கல்லூரித் தலைவர்கள், ஆஸ்பத்திரி அதிகாரிகள் ஆகியோருக்கு மன விழிப்பைக் கற்றுக் கொடுத்து, அதன் மூலம் தலைமை வகிக்கும் முறையைப் பழக்குகிறார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு ஒரு கோச் இருப்பதுபோல, தலைவர்களுக்கும் ஒரு கோச்! இந்தப் புதுமை நம் பக்கத்துக்கு ஏற்றதுதானா என்று பார்ப்போம்.

நடுநிசியில் ஒரு வார்டு

நேயர்கள் என்னுடன் கற்பனையில் ஒரு வார்டுக்கு வரவேண்டும். நடுநிசி. அன்று காலையில்தான் சேர்க்கப்பட்ட ஒருவர், "என்னைக் கொல்ல வருகிறார்கள்!" என்று அலறிக்கொண்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குகிறார். அடுத்த கட்டில்காரர் அழத் தொடங்குகிறார். பயிற்சிக்கு வந்த இளம் நர்ஸுக்குக் கை கால் நடுங்குகிறது. காவலாள், "கயிறு கொண்டு வரட்டுமா, அம்மா?" என்று கேட்கிறார்.

தலைமை நர்ஸ் அம்மாள் முதலில் செய்வது என்ன? ஒரு மூச்சு நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான். தம்முடைய நெஞ்சு படபடப்பதை அவர் உணருகிறார். தம் பாதம் தரையில் படிந்திருப்பதையும் உணருகிறார். பிறகு காவலாளை அனுப்பிவிட்டு, தாம் ஒருவரே பேசுகிறார். நேருக்கு நேர் நிற்காமல், சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் விட்டு நிற்கிறார். நோயாளி வெளியேறும் வழியை மறிப்பதில்லை. "யாரும் வரவில்லை, சும்மா இரு" என்று வாதாடுவதுமில்லை. "ஆமாம், வருகிறார்கள்" என்று ஒத்துக்கொள்வதுமில்லை. "உங்களுக்கு ரொம்பப் பயமாயிருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன். கொஞ்சம் தண்ணீர் சாப்பிடுகிறீர்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்.

அமளி அடங்கிய பின்னும் அவர் வேலை முடிவதில்லை. இளம் நர்ஸுகளை உட்கார வைத்து, என்ன நடந்தது, யார் பயந்தார்கள், இன்னும் முன்னதாக எதைக் கவனித்திருக்கலாம் என்று விசாரிக்கிறார். அந்த விசாரணையில் குற்றம் சாட்டுவதே கிடையாது.

நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவே சிகிச்சையின் உயிர்நிலை என்று அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-ம் வருஷம் ஒரு புத்தகம் எழுதி ஸ்தாபித்தார். ஒருவருடைய பதற்றம் இன்னொருவரைத் தொற்றிக்கொள்ளும் என்பது அந்த அம்மையாரின் முக்கியமான கருத்துக்களில் ஒன்று. பதற்றம் தொற்றும் என்றால் நிதானமும் தொற்றும் அல்லவா? தலைமை நர்ஸ் செய்வதெல்லாம் இந்த இரண்டாவது தொற்றைப் பரப்புவதுதான்.

கயிறும் கருணையும்

காவலாள் கேட்ட கயிறு வெறும் கற்பனையல்ல. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டார்கள். அவர்கள் இருபத்தெட்டுப் பேர். தேசமே தலை குனிந்தது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்திருக்கிறது.

ஆனால் சட்டம் சங்கிலியை எடுக்கும். சங்கிலி இருந்த இடத்தில் எதை வைப்பது? அங்கே பழகிய மனிதர் ஒருவரின் நிதானம் வேண்டும்.

காவிரிக் கரைக்கு இது தெரியாத சங்கதியல்ல. திருச்சிக்கு மேற்கே, காவிரியின் வடகரையிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதிக்குச் சித்தம் கலங்கியவர்களைப் பந்துக்கள் அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம் தங்கி, சுவாமி தீர்த்தத்தை முகத்தில் தெளிக்கப் பெற்று, வேளைக்கு உண்டு, உறங்கி வாழ்வார்கள். இன்று கோயிலோடு சேர்ந்து, மனநோயாளிகளுக்கென்று முறைப்படி நடத்தப்படும் விடுதியும் வைத்தியமும் உண்டு. தமிழ்நாட்டில் ஜில்லா மனநலத் திட்டம் முதன்முதலில் 1997-ம் வருஷம் திருச்சியில்தான் ஆரம்பமாயிற்று. பக்தியும் மருந்தும் ஒரே நதிக்கரையில் சந்தித்துக் கொண்டன என்று சொல்லலாம்.

கடல் கடந்து திரும்பிய சரக்கு

இனி, இந்த நர்ஸுகள் கற்பிக்கும் மன விழிப்பு எங்கிருந்து வந்தது? 1979-ம் வருஷம் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் சர்வகலாசாலை வைத்தியசாலையில், ஜான் கபாட்-ஸின் என்பவர் தீராத வலியால் வருந்துவோருக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். மூச்சைக் கவனிப்பது, உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது, வந்த எண்ணத்தை விரட்டாமலும் அதன் பின்னே ஓடாமலும் பார்த்திருப்பது: இவ்வளவுதான் பாடம். அங்கிருந்து அது ஆபீஸுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பரவியது.

அந்தப் பயிற்சியின் வேர் பௌத்தர்களின் 'சதி' என்னும் சாதனை. வடமொழியில் ஸ்மிருதி. இப்போது நம் சோழநாட்டைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன், புத்ததத்தர் என்னும் ஆசாரியர் காவிரிப்பூம்பட்டினத்து விஹாரம் ஒன்றில் அமர்ந்து, பாலி பாஷையில் 'அபிதம்மாவதாரம்' என்ற நூலை இயற்றினார். மனத்தின் இயல்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லும் நூல் அது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விஹாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததைச் செப்பேடுகள் கூறுகின்றன. நம் நாற்றங்காலில் வளர்ந்த பயிர், கடல் கடந்து சென்று, சீமைப் பெட்டியில் சீமை விலையுடன் திரும்பி வருகிறது!

இதைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. பெருமை மட்டும் வயிற்றை நிரப்பாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதையெல்லாம் நம்பவும் வேண்டாம். 2014-ம் வருஷம் அமெரிக்க வைத்திய சஞ்சிகை ஒன்றில் பல ஆராய்ச்சிகளைத் திரட்டி நிறுத்துப் பார்த்தார்கள். கவலை, மனச்சோர்வு, வலி ஆகியவற்றுக்கு இத்தகைய தியானப் பயிற்சி ஓரளவு பலன் தருவது தெரிந்தது. ஆனால் மருந்தையோ தேகாப்பியாசத்தையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே, இது சர்வரோக சஞ்சீவி அல்ல, நல்ல பழக்கம்.

உடுப்பை மாற்றினால் போதுமா?

வார்டை விட்டு இந்தத் தொழிலுக்கு வரும் நர்ஸ் அம்மாள் புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. வார்டில் அவர் உத்தரவு போட்டுப் பழகியவர். இங்கேயோ கேள்வி கேட்க வேண்டும். "நேற்றுக் கூட்டத்தில் எந்த வார்த்தைக்கு உங்களுக்குக் கோபம் வந்தது? அது உடம்பில் எங்கே தெரிந்தது? அப்போது என்ன சொன்னீர்கள்? ஒரு மூச்சுக் கழித்துச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" இப்படிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இருபது வருஷம் பதில் சொல்லியே பழகியவருக்கு வாயை மூடிக் காத்திருப்பது லேசான காரியமா?

வார்டில் நோயாளி சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுவது கடமை. கோச்சிடம் ஒருவர் மனம் விட்டுச் சொன்னதையோ, சம்பளம் கொடுக்கும் முதலாளி கேட்டாலும் சொல்லலாகாது. இதை முதல் நாளே மூன்று பேரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பெரிய வித்தியாசம். நர்ஸாவதற்குப் படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, பதிவு உண்டு. மனநோய் நர்ஸ் யார் என்று 2017-ம் வருஷத்துச் சட்டமே வரையறுத்திருக்கிறது. கோச் ஆவதற்கு நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. 1995-ல் தோன்றிய சர்வதேச கோச் சம்மேளனம் போன்ற சங்கங்கள் நற்சாட்சிப் பத்திரம் வழங்குகின்றன; அது இல்லாமலும் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக் கொள்ளலாம். இங்கேதான் அனுபவம் உள்ள நர்ஸின் அருமை தெரிகிறது. தூக்கமின்றி, பசியின்றி, 'நான் இருந்தென்ன?' என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அது மூச்சுப் பயிற்சிக்குரிய சமாசாரமல்ல, உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய சமாசாரம் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடினால் பழைய பயங்கரம் திரும்பி வந்து வாட்டும் சிலர் உண்டு என்பதும், அவர்களைக் கண் திறந்தபடியே உட்கார வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் நம் மனத்தை உறுத்தும் ஒரு கேள்வி இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2017-ம் வருஷத்துக் கணக்குப்படி, இந்தியாவில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநோய் நர்ஸ்கூட முழுசாக இல்லை. அப்படியிருக்க, உள்ளவர்களில் சிறந்தவர்களும் பணக்காரக் கம்பெனிகளின் குளிர்ந்த அறைகளுக்குப் போய்விட்டால், நடுநிசியில் அலறுகிறவர் பக்கத்தில் நிற்பது யார்? போகிறவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஆள் பற்றாமல், ஓய்வில்லாமல், இரவுக்கு இரவு அடி வாங்கும் வேலை அது. அதைச் சரி செய்யாமல் நர்ஸுகளுக்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்புவது, கிணற்றைத் தூர் வாராமல் தாகத்தைப் பொறுத்துக் கொள்ளக் கற்பிப்பது போலாகும்.

வேதாரணியம் கற்பித்த பாடம்

இதற்கு வழி காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, ஸ்ரீ ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். தஞ்சை ஜில்லா வழியே ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடை. அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று கலெக்டர் தார்ன் துரை எச்சரித்தார். ஜனங்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள்! தடியடி விழுந்தபோதும் தொண்டர்கள் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கும் கைக்கும் திருப்பி அடிக்கத் துடிக்கும் கைக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் நிலைத்து நிற்பதற்குத்தான் அவர்கள் பழக்கப்பட்டிருந்தார்கள். அந்த யாத்திரைக்கு வலது கையாக இருந்த திருச்சி டி.எஸ்.எஸ். ராஜன், தொழிலால் டாக்டர்.

மகாத்மாவே ஒரு தாதிதானே? 1899-ல் போயர் யுத்தத்தில் காயம்பட்டவர்களைச் சுமந்தார். 1904-ல் ஜோஹானஸ்பர்க்கில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தேசத்தின் தலைவரான பிறகும் சேவாகிராமத்தில் குஷ்டம் கண்ட பர்ச்சூரே சாஸ்திரியின் புண்களைத் தம் கையால் கவனித்தார். தலைமை வகிப்பதற்காக நோயாளியின் கட்டிலை விட்டு அவர் விலகவே இல்லை.

ஆகவே, தலைமை நர்ஸ் அம்மாள் தாராளமாக வகுப்பு நடத்தட்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாளேனும் வார்டில் கால் வைக்கட்டும். அங்கே ஊற்று இருக்கிறது. அதை விட்டுப் பிரிந்தால் போதனை வெறும் பேச்சாக வற்றிவிடும். அவருடைய மாணாக்கர்களும் கம்பெனி நிர்வாகிகள் மட்டுமாய் இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடம் ஸ்திரீகளுக்கென்று 2016-ல் சட்டம் ஆயிற்று. வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குச் சண்டை வரும்போதும், 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்தது போன்ற விபத்து நேரும்போதும், ஊரே வந்து நிற்பது பஞ்சாயத்துத் தலைவி வீட்டு வாசலில்தான். அந்த அம்மாளுக்கு யார் நிதானம் கற்பித்தார்கள்? பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைக்கு? ஆஸ்பத்திரியில் நேற்று வேலைக்குச் சேர்ந்த இளம் நர்ஸுக்கு?

நம் வீடுகளிலும் ஒரு சிறு வார்டு உண்டு. பரீட்சையில் தவறிய பையன் தலை குனிந்து வாசற்படி ஏறும்போது, தகப்பனார் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு நிற்கிறாரா என்பதில் எத்தனையோ அடங்கியிருக்கிறது. கல்லணையில் மதகு திறக்கும்போதும் பாருங்கள்: ஒரே இழுப்பில் கதவை முழுக்கத் தூக்கிவிடுவதில்லை. கொஞ்சம் தூக்கி, தண்ணீரின் போக்கைப் பார்த்துவிட்டுத்தான் மேலே தூக்குகிறார்கள்.