சுக்கானுக்கு ஒரு துணைக் கை

பாய்மரப் படகு ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதன் சுக்கானை எவரேனும் ஆண்டுகொண்டிருக்க வேண்டும் என்பதும், ஆளுகின்றவர் மனிதராயின் அவர் உண்டும் உறங்கியும் ஆகவேண்டும் என்பதும் நெடுங்கடல் பயணத்தின் அடிப்படைச் சிக்கலாகும். இந்தியக் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2ஆம் நாள் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு, இடையில் நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கி, ஏறத்தாழ 25,400 கடல் மைல் கடந்து, 2025 மே 29ஆம் நாள் திரும்பினர். அவ்வளவு தொலைவுக்கும் படகில் இருந்தவர்கள் அவர்கள் இருவரே. இருவர் மட்டுமே மாறி மாறிச் சுக்கானைப் பிடிப்பதென்றால் ஆளுக்கு நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் அதிலேயே கழிந்துவிடும். பாயைச் சுருக்கவும், சமைக்கவும், தேய்ந்த கயிற்றை மாற்றவும், கண்ணயரவும் மிச்ச நேரம் போதாது. ஆகவே, சுக்கானைத் தானாக இயக்கும் கருவியை நெடும்பயண மாலுமிகள் படகின் இன்னொரு ஆளாகவே மதிக்கின்றனர். அதைத் தேர்ந்தெடுப்பதிலும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கவனத்தைச் செலுத்துகின்றனர்.

இக்கருவியின் தத்துவம், கடற்கரை இல்லாத விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலாளருக்கும் பழகியதே. தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள சூளையில், தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரி காட்டும் வெப்பம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் எரிபொருள் கூடுகிறது, மேலே ஏறினால் குறைகிறது. அதுபோலவே, படகு குறித்த திசையிலிருந்து விலகியதை ஓர் உணரி கண்டறிய, விலகலைச் சரிசெய்யும் பக்கமாகச் சுக்கான் திரும்புகிறது. எரிபொருளை ஒரேயடியாகக் கூட்டினால் சூளையின் வெப்பம் குறியைத் தாண்டிப்போவது எப்படியோ, அப்படியே சுக்கானை மிகுதியாகத் திருப்பினால் படகு மறுபக்கம் விலகி, பாம்பு நெளிவதுபோல் ஓடி வேகத்தை இழக்கும். எல்லாக் கருவிகளுக்கும் இது பொது. அவை வேறுபடுவது இரண்டு இடங்களில்தான்: எதைக் கொண்டு விலகலை உணர்கின்றன, எந்த ஆற்றலைக் கொண்டு சுக்கானைத் திருப்புகின்றன.

கருவியே இல்லாமல் திசை பிடிக்கும் படகுகளும் உண்டு. ஏராக்கட்டை, அதாவது முதுகெலும்பு போன்ற அடிமரம், படகின் நீளம் முழுவதும் ஓடுமாறு கட்டப்பட்ட பழைய படகுகளில், முன்பாயையும் பெரும்பாயையும் ஒன்றுக்கொன்று ஈடாக விரித்து, சுக்கானைக் கட்டிவைத்தால் படகு நெடுநேரம் நேராக ஓடும். உலகைத் தனியாளாக முதலில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கம், 1895 முதல் 1898 வரை நிகழ்ந்த அப்பயணத்தில், இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளை நோக்கி 23 நாள்களில் ஏறத்தாழ 2,700 மைல் ஓடியபோது, சுக்கானருகே நின்றது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று பதிவுசெய்துள்ளார். மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் 312 நாள்கள் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றியபோது, அவருடைய தானியங்கிச் சுக்கான் அமைப்பு ஆஸ்திரேலியப் பகுதியில் சிதைந்துபோக, எஞ்சிய ஏறக்குறைய பாதிப் பயணத்தைப் பாய்களின் ஈட்டை நம்பியே முடித்தார். பாய் ஈடாக இல்லாத படகில் எந்தக் கருவியும் ஓயாமல் திணறும் என்பதால், கருவி வாங்குமுன் பாயைச் சீர்செய்யக் கற்பதே முறை.

கருவிகளில் மிகவும் வியப்புக்குரியது காற்றுத்தகடு. படகின் பின்முனையில் நிற்கும் மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடு, தன் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிற்கும்வரை நிமிர்ந்திருக்கும். படகு சற்றே விலகினாலும் காற்று அதன் முகத்தில் மோதிச் சாய்த்துவிடும். சுக்கானைத் திருப்பும் வலு அத்தகட்டுக்கு இல்லை. நீருக்குள் செங்குத்தாகத் தொங்கும் துடுப்பு ஒன்றைச் சில பாகை முறுக்குவதே அதன் வேலை. பிச்சாவரத்தில் ஓடும் படகிலிருந்து உள்ளங்கையை நீருக்குள் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அடுத்து நிகழ்வது எளிதில் விளங்கும்: கை நேராக இருக்கும்போது நீர் இருபுறமும் வழிந்தோடும், சற்றுத் திருப்பினால் தோள்வரை இழுக்கும் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். முறுக்கப்பட்ட துடுப்பை ஓடும் நீர் இவ்வாறே ஊசல்போல ஒருபுறம் வீச, அதன் தலைப்பில் கட்டிய இரு கயிறுகள் கப்பிகள் வழியாகச் சென்று சுக்கான் பிடியை இழுக்கின்றன. காற்று கட்டளையிடுகிறது, கடல் வேலை செய்கிறது. மின்சாரம் ஒரு துளியும் தேவையில்லை. படகின் வேகம் இரட்டித்தால் துடுப்பின் விசை நான்கு மடங்காவதால், மனிதக் கை சோர்ந்துபோகும் கடுங்காற்றில்தான் இது தன் முழு வலுவைக் காட்டும்.

குறைகளும் அந்தச் சிறப்பிலிருந்தே பிறக்கின்றன. மென்காற்று பின்னாலிருந்து வீசும்போது படகும் அதே திசையில் ஓடுவதால், தகடு உணரும் காற்று பாதியாகக் குறைந்து கருவி தடுமாறும். மேலும் அது அறிந்தது காற்றை மட்டுமே, திசையை அன்று. இரவில் வாடை கொண்டலாகத் திரும்பினால் படகும் ஓசையின்றி வளைந்து கரையை நோக்கி ஓடக்கூடும். நெடிய கயிறுகளும் பல கப்பிகளும் தேவைப்படுகிற சக்கரச் சுக்கானில் இழுவிசையில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். நேரடிப் பிடி உள்ள சுக்கானுக்கே ஊசல் துடுப்பு மிகவும் பொருந்தும். சக்கரமோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கானோ உள்ள படகுக்கு, முதன்மைச் சுக்கானை அசையாமல் பூட்டிவிட்டு, காற்றுத்தகடு தனக்கென உள்ள சிறு சுக்கானையே திருப்பும் வேறு வகை ஏற்றது. முதன்மைச் சுக்கான் உடைந்தால் படகைக் கரைசேர்க்க ஒரு மாற்றுச் சுக்கான் கையிருப்பில் இருப்பது இதனால் கிடைக்கும் பெரும் ஆதாயம். ‘தாரிணி’யிலும் காற்றுத்தகட்டோடு இணைந்த அவசரச் சுக்கான் உண்டு.

மின்சாரத் தானியங்கியோ, மின் திசைகாட்டியைக் கொண்டு விலகலை அறிந்து, மோட்டாரால் சுக்கானைத் திருப்புகிறது. காற்றே இல்லாமல் எஞ்சினில் ஓடும்போதும் அது திசை தவறாது. பொத்தானை அழுத்தினால் போதும் என்பதால் கரையோரப் பயணங்களுக்கு அதற்கு இணையில்லை. ஆனால், சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் 96 ஆம்பியர்-மணி மின்சாரத்தைத் தின்றுவிடும்; இது சாதாரண கார் பேட்டரி ஒன்றின் முழுக் கொள்ளளவையும் மிஞ்சும். சூரியத் தகடுகளையோ எஞ்சினையோ கொண்டு அதை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். கருவியின் திறனைத் தேர்வதற்கு, விளம்பரத் தாளில் உள்ள படகு எடையை அப்படியே நம்புவதும் தவறு. குடிநீர், டீசல், அரிசி, நங்கூரச் சங்கிலி எல்லாம் ஏறிய பின் படகு எவ்வளவு கனக்குமோ அதற்கும் ஒரு படி மேலான திறன் உள்ளதையே வாங்க வேண்டும்.

எனினும், விலை, எடை, மின்செலவு ஆகிய எல்லாவற்றையும்விட முதன்மையான கேள்வி, நடுக்கடலில் கருவி உடைந்தால் படகில் உள்ள பொருள்களைக் கொண்டே அதைச் சீர்செய்ய முடியுமா என்பதாகும். இதற்கான விடையை 2022ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் போட்டி தெளிவாகக் காட்டியது. 1968ஆம் ஆண்டின் தொழில்நுட்பத்துக்குள்ளேயே தனியாளாக உலகைச் சுற்ற வேண்டிய அப்போட்டியில் மின்சாரத் தானியங்கிக்கு இடமில்லை. எல்லாரும் காற்றுத்தகட்டையே நம்பியிருந்தனர். முன்னணியில் ஓடிய சைமன் கர்வென், காற்றுத்தகடு உடைந்ததால் சிலி நாட்டுக் கரையை நாடவேண்டியதாகி, முதலிடத்துக்கான தகுதியை இழந்தார். இந்தியாவின் அபிலாஷ் டோமிக்கும் அதே இடர் நேர்ந்தது. அவர் படகின் கழிப்பறைக் கதவை அறுத்து, அப்பலகையைக் கொண்டு கருவியைச் சீர்செய்து பயணத்தைத் தொடர்ந்து, 236 நாள்களுக்குப் பின் 2023 ஏப்ரல் 29ஆம் நாள் இரண்டாமவராகக் கரையேறினார். புறப்பட்ட பதினாறு பேரில் விதி பிசகாமல் முடித்தவர்கள் மூவரே. மரம், ஆணி, கயிறு, கப்பி ஆகியவற்றால் ஆன கருவிக்கு ஒரு கதவு மருந்தாகலாம். உப்புநீர் புகுந்த மின்சுற்றுப் பலகைக்கு நடுக்கடலில் மருந்து அரிது. நெடும்பயணப் படகுக்குக் காற்றுத்தகட்டை முதலாவதாகவும், சிறிய மின்சாரத் தானியங்கியை அதற்குத் துணையாகவும் கொள்வதே தக்கது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

எந்தக் கருவிக்கும் கண் கிடையாது என்பதையும் வாங்குவோர் உணர்ந்திருக்க வேண்டும். கடலூர்க் கரைக்கு அப்பால் இரவில் வலை விரித்துக் காத்திருக்கும் ஃபைபர் படகின் சிறு விளக்கைக் கருவி காணாது. கண்காணிப்புக்கு எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. கடலில் தவறி விழுந்தவரையும் அது அறியாது. ஆளில்லாப் படகைக் குறித்த திசையிலேயே நேராக ஓட்டிச் சென்றுவிடும். அதனால் தனியாகச் செல்வோர் தம் உடலைப் படகோடு வார்க்கச்சையால் பிணைத்துக்கொள்வதோடு, சிலர் பின்முனையிலிருந்து நீண்ட மிதவைக் கயிறு ஒன்றையும் நீரில் இழுத்துச் செல்கின்றனர். விழுந்தவர் அதைப் பற்றி இழுத்தால் சுக்கானின் மீதுள்ள கருவியின் பிடி விடுபடும். தானாகவே காற்றை எதிர்த்துத் திரும்பும் இயல்புள்ள படகாயின், பாய்கள் படபடக்க அங்கேயே நின்றுவிடும்.