எத்தனை வாட் இருந்தால் பழச்சாறு வழவழப்பாகும்?

பெடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். ஐஸ்பெட்டியில் கல்லாய் உறைந்திருந்த மாம்பழத் துண்டுகளை அப்படியே பிளெண்டரில் கொட்டி, மேலே இரண்டு கரண்டி தயிர் விட்டு, பொத்தானை அழுத்தினார்கள். 'ர்ர்ர்' என்று சத்தம் வந்தது, பழம் அசையவில்லை. வேகத்தைக் கூட்டினார்கள். சற்று நேரத்தில் கருகல் வாடை. பிளெண்டரின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

மறுநாள் சுங்கை பட்டாணிக்குப் புதியது வாங்கப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணும்?"

பெரியம்மா சொன்னார்: "கருகாத வாட் எதுவோ, அதைக் கொடுங்க தம்பி."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பெரியம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. வாட் என்ற எண் மட்டும் பார்த்துப் பிளெண்டர் வாங்கினால் ஏமாறுவோம். ஏன் என்று பார்ப்போமா, மாணவர்களே?

ஆட்டுக்கல்லும் பிளெண்டரும்

ஆட்டுக்கல்லில் மாவு எங்கும் ஓட முடியாது. கல்லுக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கியே தீர வேண்டும். பிளெண்டரில் அப்படியல்ல. கத்தி ஓரிடத்தில் நின்று சுழல்கிறது. பழத்துண்டுதான் கத்தியைத் தேடி வர வேண்டும். ஒருமுறை அடிபட்டு விலகிப் போன துண்டு மறுபடி மறுபடி திரும்பி வந்தால்தான் வழவழப்பான சாறு கிடைக்கும். வராவிட்டால் கத்தி வெறும் காற்றில் சுழலும்.

சுழலும் கத்தியைப் பாத்திரத்தின் அடியில் வைக்கும் யோசனையை 1922-இல் அமெரிக்காவின் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி செயல்படுத்தினார். அவருடைய நோக்கம் பால் பானங்களைக் கலக்குவது. இன்றும் ஜாடி வைத்த பிளெண்டர்கள் அதே அமைப்பில்தான் இயங்குகின்றன.

கத்தியின் வேகம் எவ்வளவு?

ஒரு கணக்குப் போடுவோம். கத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது நிமிடத்திற்கு 20,000 முறை சுற்றினால், விநாடிக்கு ஏறக்குறைய 333 சுற்று. ஒரு சுற்றில் கத்தி முனை கடக்கும் தூரம் சுமார் 18.85 சென்டிமீட்டர். ஆக, முனையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர். அதாவது மணிக்கு 226 கிலோமீட்டர்! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே மணிக்கு 110 கிலோமீட்டர்தான். (பழம் நிறைந்திருக்கும்போது கத்தி இதைவிடக் குறைந்த வேகத்தில்தான் சுற்றும்.)

இந்த வேகத்தில் கத்தி செய்வது வெட்டும் வேலை மட்டுமல்ல. கத்தியை ஒட்டிய திரவம் மிக வேகமாகவும் சற்றுத் தள்ளியுள்ள திரவம் மெதுவாகவும் ஓடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பழத்துணுக்கு இருபுறமும் இழுபட்டுக் கிழிகிறது. இதை அறிவியலில் சறுக்குவிசை என்பார்கள். பழத்தின் செல்கள் மிகமிகச் சிறியவை. அவ்வளவு சிறியதைக் கத்தியின் கூர்மை மட்டும் தேடிப் பிடித்து வெட்ட முடியாது. அங்கே கைகொடுப்பது இந்த இழுவைதான்.

இதே இழுவை ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கும் உதவியிருக்கிறது. 1952-இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளைப் பிரித்தெடுக்கச் சமையலறைப் பிளெண்டரைப் பயன்படுத்தினார்கள். கூடு வெளியே தங்கிவிட, டிஎன்ஏ மட்டும் பாக்டீரியாவுக்குள் போயிருந்தது தெரிந்தது. மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏ என்பதற்கு அது வலுவான சான்றானது. ஹெர்ஷி 1969-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மோட்டார் ஏன் கருகியது?

இப்போது பெரியம்மா வீட்டுக்குத் திரும்புவோம். மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு சிறிய ஜெனரேட்டர் போலவும் வேலை செய்கிறது. உள்ளே வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தத்தை அது தானே உண்டாக்குகிறது. அதனால்தான் நன்றாகச் சுற்றும் மோட்டார் அளவான மின்சாரத்தையே இழுக்கிறது.

கத்தி உறைந்த பழத்தில் சிக்கி நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு மறைந்துவிடும். மின்னோட்டம் சட்டென்று பலமடங்கு ஏறும். கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் 3 மடங்கானால் வெப்பம் 9 மடங்கு! கம்பியின் மேல் பூசிய காப்புப் பூச்சு உருகிக் கருகுகிறது. நமக்கு வந்த வாடை அதுதான். ஆகவே சத்தம் கனத்து, கத்தி தயங்கினால், வேகத்தைக் கூட்டக்கூடாது. உடனே நிறுத்த வேண்டும்.

இதே தொல்லை இந்தியாவிலும் இருந்தது. மென்மையான உணவுக்காகச் செய்யப்பட்ட வெளிநாட்டு மிக்சிகள் நம் மசாலாவையும் தேங்காயையும் அரைக்கத் திணறின. மனைவியின் ஜெர்மன் மிக்சி பழுதானதைப் பார்த்த பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்தியச் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை வடிவமைத்தார். 1963-இல் 'சுமீத்' மிக்சி பிறந்தது. சமையலுக்கு ஏற்ற இயந்திரம் வேண்டும் என்பதே அந்தக் கதை சொல்லும் பாடம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வாட்: பெட்டியில் போட்டிருக்கும் வாட், மோட்டார் இழுக்கும் மின்திறன். கத்திக்குப் போய்ச் சேரும் திறன் அதைவிடக் குறைவு. மீதி வெப்பமாகவும் சத்தமாகவும் போய்விடும். உறைந்த பழமும் ஐஸும் அடிக்கடி அரைப்பவர்களுக்குக் கூடுதல் வாட் உதவும். பப்பாளி, வாழைப்பழம் போன்ற மென்மையான பழங்களுக்கு நடுத்தரமே போதும்.

ஜாடியின் வடிவம்: உட்புறச் சுவரில் செங்குத்தான வரிமேடுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். வழுவழுப்பான உருண்டை ஜாடியில் சாறு முழுவதும் கத்தியோடு சேர்ந்து ராட்டினம் போலச் சுற்றும். கத்திக்கும் பழத்துக்கும் உள்ள வேக வேறுபாடு குறைந்துவிடும். வரிமேடுகள் அந்தச் சுற்றைத் தடுத்து, சாற்றைக் கத்தியை நோக்கித் திருப்பிவிடும். அடிப்பகுதி குறுகியிருந்தால் கொஞ்சமாகச் செய்யும்போதும் பழம் கத்தியிடம் போய்ச் சேரும்.

பாதுகாப்பு விசை: மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பு உண்டா என்று கேளுங்கள். பல இந்திய மிக்சிகளின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் இதற்காகத்தான்.

உதிரிப்பாகம்: ஜாடியையும் மோட்டாரையும் இணைக்கும் பல்சக்கரமும் அடியில் உள்ள ரப்பர் வளையமும் தேய்பவை. அவை நம் ஊர்க் கடையில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் சில ரிங்கிட் பாகத்துக்காக முழு இயந்திரத்தையும் வீச நேரும்.

சிரிம் முத்திரை: மின்பொருளில் இந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர்கள் மிக்சி வாங்கி வருவதுண்டு. இரு நாட்டு மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இந்தியப் பிளக்கின் கால்கள் உருண்டை; நம்முடையவை பட்டை. மேல் துளையில் பேனாவைச் செருகித் திறந்து பிளக்கைத் திணிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. மேல் துளை தரையிணைப்புக்கானது; அந்த இணைப்பு இல்லாத இரும்பு மேற்பரப்பில் மின்கசிவு ஏற்பட்டால், மின்சாரம் நம் உடல் வழியாகப் பாயலாம். சரியான பிளக்கைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

எதை முதலில் போடுவது?

விலை உயர்ந்த பிளெண்டரும் வரிசை தப்பினால் தோற்றுப்போகும். முதலில் பால் அல்லது தண்ணீர்; அடுத்து மென்மையான பழம்; உறைந்த துண்டும் ஐஸும் கடைசியில். கத்தியைச் சுற்றித் திரவம் இருந்தால்தான் சுழல் உண்டாகி, மேலிருப்பதைக் கீழே இழுக்கும். பெரியம்மா வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு.

அதிக நேரம் அரைப்பதும் நல்லதல்ல. 600 வாட் மோட்டார் ஒரு நிமிடம் ஓடினால் 36,000 ஜூல் ஆற்றல் செலவாகும். அதில் பாதி அரை லிட்டர் சாற்றுக்குள் போனதாகக் கொண்டால், சாற்றின் வெப்பநிலை 8 பாகை செல்சியசுக்கும் மேல் உயரும். குளிர்ந்த பானத்தின் குளிர்ச்சி குறைந்துவிடும். சூடான எதையும் மூடி இறுக்கி அரைக்காதீர்கள். நீராவி மூடியைத் தூக்கியெறிந்து முகத்தில் கொட்டலாம். கத்தியைத் தொடும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு பப்பாளி, ஒரே அளவு குளிர்ந்த நீர் எடுத்து, முதலில் 15 விநாடி, பிறகு புதிதாக எடுத்து 30 விநாடி, மூன்றாவது முறை 60 விநாடி அரையுங்கள். ஒவ்வொரு முறையும் தேநீர் வடிகட்டியில் வடித்து, தங்கும் சக்கையை நிறுத்து எழுதுங்கள். வெப்பமானி இருந்தால் வெப்பநிலையையும் குறியுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தது நினைவிருக்கிறதா? இங்கே தற்சார்பு மாறி அரைக்கும் நேரம். சார்பு மாறி சக்கையின் எடை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று நீங்களே எழுதுங்கள். எந்த நேரத்துக்குப் பிறகு சக்கை குறைவது நின்று சூடு மட்டும் ஏறுகிறதோ, அதுவே உங்கள் வீட்டுப் பிளெண்டருக்கு ஏற்ற நேரம்.

பெரியம்மா கடைசியில் வாங்கியது கடையிலேயே அதிக வாட் உள்ளதை அல்ல. வரிமேடும் குறுகிய அடியும் பாதுகாப்பு விசையும் உள்ள நடுத்தரமான ஒன்றை. இப்போது அதன் மேல் பேரன் ஒருவன் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறான்: "முதலில் பால்."